பொங்கிவிட்டது சரி, வெந்துவிட்டதா?



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய பதிவு பீர் பற்றியது. நான் இதுவரை பீர் குடித்ததில்லை. உங்களைக் குடிக்கச் சொல்லவும் வரவில்லை. ஆகவே பாதி படித்ததும் "சித்தப்பாவுக்கு என்ன ஆச்சு" என்று குடும்பக் குழுவில் கேட்கப் போகிறவர்கள், தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய மாணவன் அழைத்தான். பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவன். இப்போது கணினித் துறையில் நல்ல வேலை, மனைவி, ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை.

"சார், வீட்டுல பீர் போட்டேன். பாட்டில் வெடிச்சிடுச்சு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் சின்ன அறையில் பாட்டில்களை அடுக்கி வைத்திருக்கிறான். விடியற்காலை நாலு மணிக்கு ஒன்று வெடித்து, அது பக்கத்தில் இருந்ததையும் உடைத்து, மொத்தம் மூன்று போயிருக்கின்றன. ஒரு கண்ணாடித் துண்டு எதிர்ச் சுவரில் குத்தி நின்றிருக்கிறது. அந்த அறையில்தான் குழந்தை பள்ளிவிட்டு வந்ததும் தரையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றும்.

"காலைல நாலு மணி சார். சாயங்காலம் நாலு மணியா இருந்திருந்தா..." என்றவன் அதற்கு மேல் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிறகு என்ன செய்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வாத்தியார் புத்தி. அவன் சொல்லச் சொல்ல, தவறு அவனிடம் மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

வீட்டில் பீர் போடுவது அங்கே சட்டப்படி குற்றமில்லை. 1978-ல் கொண்டுவந்த கூட்டாட்சிச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு அதை அனுமதித்தது. செய்முறையும் பெரிய ரகசியம் இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகும். அந்தக் கஷாயத்தை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடிவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்கும். மூடியில் சிறிது தண்ணீர் ஊற்றிய வளைந்த குழாய் ஒன்று செருகியிருக்கும். உள்ளே இருக்கும் வாயு அதன் வழியே குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. நொதித்தல் முடிந்ததும் பாட்டிலில் ஊற்றும்போது, நுரை வருவதற்காக லிட்டருக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரை சேர்த்து இறுக்கமாக அடைப்பார்கள்.

இதில் கேள்வி ஒன்றுதான். நொதித்தல் முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

"குமிழி நின்னுடுச்சு சார். ரெண்டு நாள் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரலை. அதான் அடைச்சேன்."

நாமும் அவன் இடத்தில் இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்போம். குமிழி கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கும் கேட்கிறது. ஆனால் குமிழி நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. மூடி சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் கசிந்தால், உள்ளே மும்முரமாக வேலை நடக்கும்போதே குழாயில் ஒரு குமிழியும் வராது. அறை குளிர்ந்தால் ஈஸ்ட் சாகாது, வேலையை நிறுத்திவிட்டு அடியில் படுத்துவிடும். அப்போதும் குமிழி நிற்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வேலை முழுவதும் முடிந்த பிறகு அறை சூடானால், திரவத்தில் கரைந்திருந்த வாயு பிரிந்து வந்து குமிழி விடும். உள்ளே ஒன்றும் நடக்காமலே நடப்பதுபோல் தோன்றும்.

ஆக, குமிழி ஒரு அறிகுறிதானே தவிர அளவு அல்ல.

அளவுக்கு ஒரு கருவி இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அதைப் படித்திருக்கிறீர்கள், பரீட்சையில் எழுதியும் இருக்கிறீர்கள். ஆர்க்கிமிடீஸ் தத்துவம். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க பால்மானியை மிதக்கவிடுவோமே, அதன் அண்ணன்தான் ஹைட்ரோமீட்டர் என்னும் திரவமானி. அடியில் கனமும் மேலே மெல்லிய காம்பில் அளவுக்கோடுகளும் கொண்ட கண்ணாடிக் குழல். தண்ணீரில் விட்டால் 1.000 என்ற கோடு நீர்மட்டத்தில் நிற்கும். சர்க்கரை கரைந்த திரவம் தண்ணீரைவிட அடர்த்தியானது. அதனால் மானி மேலே தூக்கி மிதந்து, சாதாரண பீர் கஷாயத்தில் 1.050 அளவில் காட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அடர்த்தி குறையும். உருவாகும் ஆல்கஹாலோ தண்ணீரைவிட லேசானது. ஆகவே மானி நாளுக்கு நாள் கீழே இறங்கி, கடைசியில் 1.010-ஐ ஒட்டி நிற்கும். முதல் அளவிலிருந்து கடைசி அளவைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்றும் கிடைத்துவிடும். 0.040-ஐ 131-ஆல் பெருக்கினால் 5.24. எட்டாம் வகுப்புக் கணக்கு.

"உன்னிடம் அந்த மானி இல்லையா?" என்று கேட்டேன்.

"கிட்லயே வந்துச்சு சார். முதல் நாள் பார்த்தேன், 1.050 காட்டுச்சு. அப்புறம் உடைஞ்சிடும்னு துணியில சுத்தி எடுத்து வச்சிட்டேன்."

உடைஞ்சிடும்னு. இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் ஆய்வகத்தின் மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் இரண்டு பால்மானியும் ஒரு திரவமானியும் பஞ்சில் சுற்றி இருந்தன. சாவி என் மேசை டிராயரில். ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் எடுத்துத் துடைத்து வைப்பேன். மற்ற நாளில் எடுத்தால் பையன்கள் உடைத்துவிடுவார்கள், உடைந்தால் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயம். ஆகவே கரும்பலகையில் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, வரையறையை இரண்டு முறை சொல்லி எழுத வைத்தேன். இவன் அதை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினான். நானும் "வெரி குட்" போட்டேன். ஒரு நாள்கூட அந்தக் கருவியை அவன் கையில் கொடுக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து அவனும் அதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டான். அளப்பது பதிவேட்டுக்காக முதல் நாள் செய்யும் சடங்கு, பிறகு பத்திரப்படுத்த வேண்டும் என்பதை அவனுக்கு நான்தானே கற்றுக்கொடுத்திருக்கிறேன்?

அன்று மத்தியானம் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். அவன் கஷாயத்தை வைத்திருந்தது கார் நிறுத்தும் கொட்டகையில், குளிர்காலத் தொடக்கத்தில். குளிரில் ஈஸ்ட் 1.020-லேயே படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1.010 வரை போக வேண்டியது. அந்த மிச்சம் லிட்டருக்கு ஏறக்குறைய இருபது கிராம் சர்க்கரை. நுரைக்காகப் போட்ட ஆறு கிராமையும் சேர்த்தால் இருபத்தாறு. ஒரு கிராம் சர்க்கரை நொதித்தால் சுமார் கால் லிட்டர் வாயு வரும். ஒரு லிட்டர் பீருக்கு ஒன்றரை லிட்டர் வாயு சேர வேண்டிய இடத்தில் ஆறரை லிட்டர் சேரும். பாட்டில்களை வீட்டுக்குள், கதகதப்பான அறைக்குக் கொண்டுவந்ததும் தூங்கிய ஈஸ்ட் எழுந்துகொண்டது. மூடியோ இறுக்கம். கண்ணாடி என்ன செய்யும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்கமாக "இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து பார், எண் மாறாவிட்டால் முடிந்தது" என்பார்கள். நல்ல விதிதான், ஆனால் அது மட்டும் போதாது. இவன் அந்தக் குளிரில் இரண்டு தடவை அளந்திருந்தாலும் இரண்டு தடவையும் 1.020-தான் காட்டியிருக்கும். நின்றுவிட்டதா என்பது ஒரு கேள்வி. எங்கே நிற்க வேண்டியது, எங்கே நின்றிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் பதில் வேண்டும்.

இரண்டாவதற்கும் வழி உண்டு. ஈஸ்ட் போட்டதும் அதிலிருந்து ஒரு தம்ளர் அளவு தனியாக எடுத்து, கூடுதலாகக் கொஞ்சம் ஈஸ்ட் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் மூடி வைத்து அவ்வப்போது குலுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் அது ஓடி முடித்துவிடும். அதை அளந்தால் பெரிய பாத்திரம் எந்த எண்ணில் போய் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுதான். அளக்கும்போது மானியை ஒரு சுழற்று சுழற்றி, ஒட்டியிருக்கும் குமிழிகளை உதற வேண்டும். இல்லாவிட்டால் அவை மானியைத் தூக்கிப் பிடித்துப் பொய் எண் காட்டும். சூட்டையும் பார்க்க வேண்டும். 20 டிகிரிக்கு அளவிட்ட மானியை நம் ஊர்ச் சித்திரை மாதத்து 32 டிகிரியில் விட்டால் ஏறக்குறைய 0.003 குறைத்துக் காட்டும்.

ஒரு சோறு போதுமா, இரண்டு மூன்று எடுத்துப் பார்க்க வேண்டுமா, அப்படிப் பார்த்ததை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்குக் கணக்குப்பூர்வமாகப் பதில் தேடியவர் யார் தெரியுமா? டப்ளின் நகரத்தில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். குறைந்த மாதிரிகளை வைத்து முடிவு சொல்வது எப்படி என்று 1908-ல் ஒரு கட்டுரை எழுதினார். சொந்தப் பெயரில் வெளியிடவில்லை. அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'ஸ்டூடண்ட்', அதாவது மாணவன். இன்று புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் அந்த மாணவனின் பெயரில் உள்ள சோதனையைப் படிக்கிறார்கள். அதற்கு அடுத்த வருஷம், 1909-ல், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான் சோரன்சென் என்பவர் அமிலத்தை அளக்கும் பி.எச். அளவையைக் கொண்டுவந்தார். நம் பள்ளி ஆய்வகத்தில் காகிதம் நனைத்து நிறம் பார்ப்போமே, அதே பி.எச்.

இனி நம் ஊருக்கு வருவோம். தை மாதம் பொங்கலுக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை, கண்ணாத்தாள் கோயில் முன்னால் நகரத்தார் வைக்கும் செவ்வாய்ப் பொங்கலைப் பார்க்காதவர்கள் உங்களில் குறைவு. வரிசையாக நூற்றுக்கணக்கில் பானைகள். பால் பொங்கி வழிந்ததும் சங்கு, குலவை. அந்த நிமிஷத்துச் சந்தோஷத்துக்கு ஈடில்லை. ஆனால் பால் பொங்கிய உடனே யாராவது பானையை இறக்கி இலையில் பரிமாறுகிறார்களா? அதற்குப் பிறகுதான் அரிசியே போடுகிறோம். அது வெந்ததா என்று ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். பொங்கியதற்குக் குலவை, வெந்ததற்குப் பருக்கை. இரண்டும் வேறு வேறு என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். என் மாணவன் குலவைச் சத்தம் ஓய்ந்ததை வைத்துச் சோறு வெந்தது என்று நினைத்துவிட்டான்.

"எங்களுக்கு எதுக்கு மானி? மணத்தை வச்சே சொல்லிடுவோம்" என்று என் வீட்டம்மா இதைப் படித்துவிட்டுச் சொன்னார். உண்மைதான். இட்லி மாவை மூடி திறந்த வாசனையிலேயே இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும் என்பார். நாற்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் மோந்து பார்த்து, மறுநாள் இட்லியோடு ஒப்பிட்டுப் பார்த்த மூக்கு அது. அதுவும் அளவிட்ட கருவிதான். நான் அதைக் குறை சொன்னால் எனக்குச் சாப்பாடு கிடையாது.

ஆனால் அந்த மூக்கைச் சிகாகோவில் இருக்கும் மருமகளுக்குத் தபாலில் அனுப்ப முடியவில்லையே. அங்கே குளிரில் மாவு புளிக்கவில்லை என்று அவள் மாதம் ஒரு தடவை போன் செய்கிறாள். "நல்லா பொங்கணும்மா", "எவ்வளவு அத்தை?", "நல்லா..." இப்படியே போகும் பேச்சு.

போன கோடையில் ஒரு காரியம் செய்தேன். நேரான கண்ணாடி ஜாடியில் மாவை ஊற்றி, மட்டத்தில் ஒரு ரப்பர் வளையம் போட்டு, மணிக்கொரு தடவை உயரத்தைக் குறித்தேன். பக்கத்தில் பி.எச். காகிதம். மாவு திட்டமாக இருப்பதால் திரவமானி இதற்கு உதவாது. அரைத்தபோது 6-ஐ ஒட்டி இருந்த பி.எச். இட்லி பதத்துக்கு வந்தபோது 4.5-க்கு அருகில் இறங்கியிருந்தது. இன்னும் முக்கியமான ஒன்றைப் பார்த்தேன். மாவு உச்சத்துக்கு ஏறிய பிறகு தானாகவே அமுங்கத் தொடங்கியது, ஆனால் புளிப்பு நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. அதாவது இதிலும் பொங்குவது ஒன்று, புளிப்பது வேறொன்று. இட்லி மாவைப் பொங்க வைப்பதும் புளிக்க வைப்பதும் முக்கியமாக லியூகோனாஸ்டாக் என்னும் பாக்டீரியா என்று கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1965-லேயே எழுதினார்கள். நம் அடுப்படியில் நடப்பதை அமெரிக்காவில் அளந்து எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டில் நாம் அளக்கவில்லை.

இப்போது மருமகளுக்கு "ரப்பர் வளையத்திலிருந்து இரண்டு பங்கு உயரம் வந்ததும் எடுத்துவிடு" என்று சொல்லியிருக்கிறோம். இரண்டு வாரமாக போன் வரவில்லை. கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது கையோடு போய்விடும். எண்தான் அடுத்தவருக்குப் போய்ச்சேரும்.

உள்ளூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பானை வைக்காதீர்கள். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். பனையில் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர், தடவாத கலயத்தில் இறங்கினால் சில மணி நேரத்தில் கள். சட்டமும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டில்தான் நிற்கிறது. கள்ளுக்கு அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வழக்கு, இன்று அதற்குள் போகவில்லை.

கருவியைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனாலின் அடர்த்தியும் எத்தனாலின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 0.79. அந்தச் சாராயத்தில் திரவமானியை விட்டிருந்தால் அது எந்த வித்தியாசத்தையும் காட்டியிருக்காது. எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்று தெரிந்திருப்பதும் அளப்பதில் ஒரு பகுதி. எண் வந்துவிட்டது என்பதற்காக அறிவை மூட்டை கட்டி வைத்துவிட முடியாது.

உங்களில் பதினைந்து இருபது பேர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். இந்தப் பதிவு முக்கியமாக உங்களுக்குத்தான். அலமாரிச் சாவியை டிராயரில் வைக்காதீர்கள். ஒரு மானி உடைந்தால் உடையட்டும், பதிவேட்டில் நான் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாலில் ஒரு தடவை, தண்ணீர் கலந்த பாலில் ஒரு தடவை, உப்புத் தண்ணீரில் ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் விட்டு, தன் கண்ணால் எண்ணைப் படிக்கட்டும். இன்று படித்ததை மறுநாளும் படித்து ஒப்பிடட்டும். ஒரு பாடவேளை போகும், சிலபஸ் கொஞ்சம் தள்ளிப்போகும். போகட்டும். வரையறையை மறந்துவிட்டால் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். அளந்து பார்க்க வேண்டும் என்ற நினைப்பு வராமல் போனால் எந்தப் புத்தகத்தில் பார்ப்பது?

அந்த மாணவனுக்கு மீதிப் பாட்டில்களை என்ன செய்யச் சொன்னேன் என்று கேட்பீர்கள். குழந்தையை அந்தப் பக்கம் விடாதே. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை போட்டுக்கொள், தடித்த துணியால் மூடி, குளிரவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டிவிடு என்றேன். அப்படியே செய்தான். கடைசிப் பாட்டிலைக் கொட்டும் முன் துணியைப் பிரித்து அந்த மானியை எடுத்து, நுரை அடங்கியதும் விட்டுப் பார்த்தானாம். படம் அனுப்பியிருக்கிறான். 1.014. "இன்னும் முடியலை சார், இறங்கிக்கிட்டுதான் இருந்திருக்கு" என்று கீழே எழுதியிருந்தான்.

அந்தப் படத்துக்கு நான் "வெரி குட்" போடவில்லை. "நாளைக்கு இன்னொரு தடவை பார்" என்று எழுதினேன்.

திட்டுவதானாலும் பாராட்டுவதானாலும் கீழே எழுதுங்கள். எந்த வருஷம், எந்த வகுப்பு என்று குறிப்பிட்டால் அடையாளம் தெரிந்துகொள்வேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
நாட்டரசன்கோட்டை